சேமிப்பறையிலிருந்து கட்டிலுக்கு

ஆஸ்பத்திரி வார்டில் நிற்கும் ஹேண்ட் ரப் புட்டிக்குப் பூர்வீகம் பல நேரம் கரும்புக் கொல்லைதான். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகை நொதிக்க வைத்து வடித்தால் எத்தனால். உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு செய்முறையில் 80 சதவீதம் அதுவே. புட்டிக்குள் தங்கிவிட்ட கிருமி வித்துகளை அழிக்க 0.125 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு. அதற்கு அவகாசம் வேண்டும். கலந்த சரக்கை 72 மணி நேரம் தொடாமல் வைக்கிறார்கள். 1.45 சதவீதம் கிளிசரினும் உண்டு. என் கணக்கில் முக்கியமான சரக்கு அதுதான். தோல் வறண்டு எரிந்தால் எந்த நர்ஸும் மறுநாள் அந்தப் பக்கம் கை நீட்டமாட்டார்.

கைச்சுத்தம் பழைய கதை. 1847இல் வியன்னாவில் டாக்டர் செம்மல்வைஸ் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். பிரேதப் பரிசோதனை முடித்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வந்த காலம். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. அப்படியும் பெரிய டாக்டர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, ஜெனீவா மருத்துவமனையில் டாக்டர் திதியே பித்தே வேறு கேள்வி கேட்டார்: கழுவ நேரம் எங்கே? சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி, அதற்குமேல் குழாயடிக்குப் போய்வர நடை. ஹேண்ட் ரப்புக்கு 20 முதல் 30 விநாடி போதும். புட்டியைக் கட்டிலருகே கொண்டுவந்து, பிரசாரமும் செய்தார்கள். தேவையான தருணங்களில் 1994இல் 48 சதவீதமாக இருந்த கைச்சுத்தம் 1997இல் 66 ஆனது.

இங்கே அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாவட்டக் கிடங்கிலிருந்து சரக்கு மருத்துவமனைகளுக்குப் போகிறது. 2017இல் திறந்த புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடமானாலும் சரி, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையமானாலும் சரி, கடினமான தூரம் அதற்குப் பிறகுதான் வருகிறது: ஸ்டோர் அலமாரியிலிருந்து கட்டில் வரை. தீர்ந்துவிடுமோ, காணாமல் போய்விடுமோ என்று பூட்டி வைத்தால் பயணம் அங்கேயே முடிந்தது. ஆறாம் கட்டிலில் ட்ரிப் மாற்றிய சிஸ்டர் ஏழாம் கட்டிலுக்குத் திரும்பும்போது, புட்டி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் தேய்ப்பார். இல்லையென்றால் அதே கையோடு அடுத்தவரைத் தொட நேரும். அவரைக் குறை சொல்வது அநியாயம்.

ஊழியர்களை ஊக்குவிக்க வேண்டும் என்பவர்கள் சுவரொட்டி அடிப்பதற்கு முன் கட்டிலில் புட்டிக்கு ஒரு கம்பி வளையம் மாட்டட்டும். ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் முதலில் கை தேய்த்தால் பின்னால் வரும் மாணவர்களும் தேய்ப்பார்கள். கையில் ரத்தமோ அழுக்கோ தெரிந்தால் ஹேண்ட் ரப் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். காலியான புட்டியைக் கழுவிக் காயவைக்காமல் மேலே மேலே ஊற்றுவதும் தவறு.

நாள் ஒன்றுக்கு ஒரு நோயாளிக்குக் குறைந்தது 20 மில்லி செலவாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. நாற்பது கட்டில் நிறைந்த வார்டுக்கு நாளுக்கு 800 மில்லி. அந்த வார்டின் மாத இன்டென்ட்டில் (சரக்குக் கேட்புப் பட்டியலில்) இரண்டே லிட்டர் இருந்தால், புட்டி எங்கே நின்றுவிட்டது என்று அன்றே போய்ப் பார்க்க வேண்டும்.