நாய் வந்து சாட்சி சொல்லுமா?



"உங்கள் செல்லப் பிராணிக்குப் பிடிக்காவிட்டால் பணம் வாபஸ்!" நாய், பூனை உணவு மூட்டைகளில் இப்படி ஒரு வாசகத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். சாப்பிடுவது ஒருவர், காசு கொடுப்பது இன்னொருவர். பிடித்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவருக்கோ பேச்சு வராது. குழந்தை உணவை விட்டால் வேறெந்த வியாபாரத்திலும் இந்த விசித்திரம் இருப்பதாகத் தெரியவில்லை.

விற்ற பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தருவது கடைக்காரரின் பெருந்தன்மையா, வாங்கியவரின் உரிமையா? எங்கள் கருத்துக்களத்தில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டோம். கைப்பேசி, தளவாடம், தங்க நகை என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது, கிள்ளான் மேருவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"பதினஞ்சு கிலோ மூட்டை தம்பி. நாய் மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சு. மறுநாளும் அதே கதைதான். கடைக்குத் தூக்கிட்டுப் போனா, பிரிச்ச மூட்டையை எடுக்க மாட்டோம்னுட்டாங்க. கம்பெனிக்குப் போன் போட்டா, வாங்கின கடையில கேளுங்கன்றாங்க. நாய் சாப்பிடலன்றதுக்கு என்ன ஆதாரம்னு வேற கேள்வி. நாயையா கூட்டிட்டுப் போய் சாட்சி சொல்ல வைக்கிறது?"

அரங்கமே சிரித்தது. ஆனால் அந்த அம்மா கேட்டது நூறு ஆண்டுகளுக்கு மேல் வரலாறு உள்ள ஒரு சட்டக் கேள்வி. நிகழ்ச்சியில் நேரம் போதாமல் விட்டதை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

'பணம் வாபஸ்' என்ற வாக்குறுதியை வியாபாரத்தில் முதலில் யார் கொடுத்தார்கள் என்று தேடினால் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் போய் நிற்போம். பீங்கான் பாத்திரம் செய்த ஜோசையா வெட்ஜ்வுட், பிடிக்காத பாத்திரத்தைத் திருப்பி அனுப்பலாம் என்றார். அமெரிக்காவில் அஞ்சல் வழி வியாபாரம் செய்த மான்ட்கோமரி வார்ட் நிறுவனம் 1875இல் இதையே தன் விளம்பரத்தின் முகப்புக்குக் கொண்டு வந்தது. காரணம் தயாள குணமல்ல. கண்ணால் பார்க்காத பொருளுக்குக் கிராமத்து விவசாயி காசு அனுப்ப வேண்டும் என்றால் அவன் பயத்தைப் போக்கியாக வேண்டும். அந்தப் பயத்துக்கு மருந்துதான் இந்த வாசகம்.

நாய் உணவு வியாபாரமும் அதே காலத்தில் பிறந்ததுதான். ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் 1860 வாக்கில் லண்டனுக்கு வந்தார். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் வீசிய காய்ந்த ரொட்டியை நாய்கள் மொய்த்துத் தின்றதைப் பார்த்து, நாய்க்கென்றே பிஸ்கட் செய்தார் என்பார்கள். அவர் நிறுவனத்தில் வேலை பார்த்த சார்ல்ஸ் க்ரஃப்ட்தான் பிறகு உலகப் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியைத் தொடங்கியவர்.

விளம்பரத்தில் கொடுத்த வாக்கு சட்டப்படி கட்டுப்படுத்துமா? இதற்குப் பதில் கிடைத்தது 1892இல். லண்டனில் 'கார்பாலிக் ஸ்மோக் பால்' என்றொரு மூக்கில் உறிஞ்சும் மருந்து விற்றார்கள். இதைச் சொன்னபடி பயன்படுத்தியும் சளிக்காய்ச்சல் வந்தால் 100 பவுன் தருகிறோம், அதற்காக 1,000 பவுன் வங்கியில் போட்டு வைத்திருக்கிறோம் என்று விளம்பரம் செய்தார்கள். லூயிசா கார்லில் என்ற பெண்மணி தினம் மூன்று வேளை பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது. பணம் கேட்டார். நிறுவனம் மறுத்தது. "விளம்பரம் என்றால் கொஞ்சம் மிகைப்படுத்தத்தானே செய்வோம்" என்பது அவர்கள் வாதம். முதல் சுற்றில் அந்த நிறுவனத்துக்காக வாதாடிய வழக்கறிஞர் எச்.எச். ஆஸ்குவித், பின்னாளில் பிரிட்டனின் பிரதமரானவர்! அப்படியும் தோற்றார்கள். வங்கியில் பணம் போட்டதாகச் சொன்னீர்களே, அதிலிருந்தே நீங்கள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது தெரிகிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டுச் சட்டக் கல்லூரி மாணவர்களும் இன்றுவரை படிக்கிற வழக்கு இது.

ஆனால் அன்றைய மலாயாவில் சாமானியர் கைக்கு இந்தத் தீர்ப்பெல்லாம் எட்டியதா? நம் ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் வழி வந்தது. 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டமும் இங்கிலாந்திலிருந்து இந்தியா வழியாக வந்ததுதான். பொருளின் தரத்துக்குச் சில நிபந்தனைகள் அதில் இருந்தன. ஆனால் வாங்குபவரும் விற்பவரும் சம்மதித்தால் அந்த நிபந்தனைகளை ஒதுக்கி வைக்கலாம் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. மீறிக் கேட்பதென்றால் வழக்கறிஞர் வைத்து நீதிமன்றம் போக வேண்டும். தோட்டத்து லயத்தில் இருந்தவர் எந்த வழக்கறிஞரைத் தேடிப் போவார்? தோட்டத்து நாய் மிச்சச் சோற்றையும் கருவாட்டுத் தலையையும் தின்று வளர்ந்ததால் இந்தப் பிரச்சினை அப்போது எழவில்லை என்பது வேறு விஷயம்.

1965இல் சிலாங்கூரில் பயனீட்டாளர் சங்கம் அமைந்தது. 1969இல் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உருவானது. மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் அந்தச் சங்கம் 'பயனீட்டாளர் குரல்' என்று தமிழிலும் ஏடு நடத்தியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1973இல் ஃபோம்கா எனும் பயனீட்டாளர் சங்கங்களின் சம்மேளனம் வந்தது. இவர்கள் தட்டிய கதவு திறக்க 1999 வரை ஆனது.

அந்த ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்ததுதான் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். தயாரிப்பாளர் கொடுக்கும் வெளிப்படையான உத்தரவாதம் எது எது என்று அது பட்டியல் போடுகிறது. அதில் ஒன்று, சொன்னபடி பொருள் அமையாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்வது. மூட்டையில் அச்சடித்த அந்த ஒரு வரி சட்டத்திலேயே இடம்பிடித்துவிட்டது! வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கே அலுவலகம் இல்லையென்றால், இறக்குமதி செய்தவரே தயாரிப்பாளராகக் கருதப்படுவார். "கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறது, நாங்கள் என்ன செய்வது" என்று அவர் கைவிரிக்க முடியாது. இந்தச் சட்டம் தரும் உரிமைகளை ஓர் அறிவிப்புப் பலகை மாட்டி விலக்கிவிடவும் முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நாய்க்கு ருசி பிடிக்கவில்லை என்றால், மூட்டையில் 'பணம் வாபஸ்' என்று எழுதியிருந்தால்தான் கேட்க முடியும். ரசீது வேண்டும், இத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்ற நிபந்தனைகளும் செல்லும். ஆனால் உணவே கெட்டுப்போயிருந்தால் மூட்டையில் எதுவும் எழுதியிருக்கத் தேவையில்லை. ஏற்கத்தக்க தரம் என்பது சட்டமே தரும் உத்தரவாதம். பிரித்த மூட்டையாக இருந்தாலும் அது பொருந்தும். பிரிக்காமல் கெட்டது எப்படித் தெரியும்?

அப்படி உணவே கெட்டுப்போன ஒரு கதை இந்த வட்டாரத்திலேயே நடந்தது. 2004இன் தொடக்கத்தில் ஆசிய நாடுகள் பலவற்றில் நாய்கள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. தைவான், தென் கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியவற்றோடு மலேசியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. பாதிக்கப்பட்டவை 6,000க்கும் மேல். தாய்லாந்திலுள்ள ஓர் ஆலையில் தயாரான பெடிகிரி உலர் உணவின் மீது சந்தேகம் விழ, அதன் உரிமையாளரான மார்ஸ் நிறுவனம் மார்ச் மாதம் சரக்கைத் திரும்பப் பெற்றது. மூலப்பொருளில் பூஞ்சை நச்சு கலந்துவிட்டது என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம்.

மூன்று ஆண்டு கழித்து, 2007 மார்ச்சில், வட அமெரிக்காவில் அதே கதை. மெனு ஃபூட்ஸ் என்ற நிறுவனம் கோடிக்கணக்கான டின்களையும் பொட்டலங்களையும் திரும்பப் பெற்றது. இம்முறை காரணம் பிடிபட்டது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்தது. மாமாக் கடையில் ரொட்டி சானாய் வைத்துத் தருகிறார்களே, அந்தத் தட்டு செய்யும் பொருள்! அதை ஏன் உணவில் கலக்க வேண்டும்? உணவில் எவ்வளவு புரதம் என்று அறிய, டென்மார்க்கின் யோஹான் கெல்டால் 1883இல் கண்டுபிடித்த சோதனையைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அது புரதத்தை அளப்பதில்லை, நைட்ரஜனை அளக்கிறது. மெலமினில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். மலிவுச் சரக்கில் கொஞ்சம் தூவினால் புரதம் ஏறியதாகக் காகிதத்தில் காட்டும். மெலமினும் சயனூரிக் அமிலமும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் படிகங்களாக உறைகின்றன. ஆய்வாளர்கள் 2004இல் ஆசியாவில் இறந்த நாய்களின் திசுக்களை எடுத்துப் பார்த்தபோது அதே படிகங்கள் அங்கேயும் இருந்தன. அந்த ஆய்வு வெளியானது 2007 செப்டம்பரில். மறு ஆண்டு சீனாவில் இதே மெலமின் குழந்தைகளின் பால்மாவில் கலந்து ஆறு குழந்தைகளின் உயிரைக் குடித்ததை உலகமே அறியும்.

இனி கணக்கைப் பாருங்கள். நம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மூன்று ஆண்டுக்குள் எழுந்த கோரிக்கையைத்தான் விசாரிப்பார்கள். 2004 மார்ச்சில் நாயைப் பறிகொடுத்தவருக்கு உண்மைக் காரணம் தெரிய வந்தபோது அந்தக் கெடு தாண்டிவிட்டது. நீதிமன்றத்தில் ஆறு ஆண்டு அவகாசம் உண்டுதான். ஆனால் நாய்க்காக வழக்கறிஞர் வைத்து எத்தனை பேர் போவார்கள்?

போனாலும் எதைக் கேட்பது? மூட்டை விலையோடு நிற்க வேண்டியதில்லை. எதிர்பார்க்கக்கூடிய இழப்புகளையும் கேட்கலாம் என்கிறது 1999 சட்டம். கால்நடை மருத்துவரின் கட்டணம் அதில் அடங்கும் என்று வாதாட முடியும். நாயின் உயிருக்கு? சட்டத்தின் பார்வையில் நாய் ஓர் உடைமை. மேருவில் தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்த நாட்டு நாய்க்குச் சந்தை விலை என்ன? அமெரிக்காவில் 2008இல் 24 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனபோதும் செலவுக்கும் பொருள் இழப்புக்கும்தான் கணக்குப் பார்த்தார்கள். பத்து ஆண்டு வாசலில் படுத்திருந்த உயிருக்குப் பெரும்பாலான சட்டங்கள் இன்னும் விலை போடக் கற்கவில்லை. போட வேண்டுமா என்பதே எனக்குச் சந்தேகம்தான். ஆனால் சுழியம் என்பது நியாயமான விடையாகப் படவில்லை.

கடைசியாக, நம் கடைகளில் சகஜமான ஒரு பழக்கம். பெரிய மூட்டையைப் பிரித்து, ஒரு கிலோ இரண்டு கிலோவாக வெற்று நெகிழிப் பையில் கட்டி விற்கிறார்கள். மலிவு என்று நாமும் வாங்குகிறோம். அந்தப் பையில் உத்தரவாத வரி இல்லை, காலாவதித் தேதி இல்லை, தயாரிப்புத் தொகுதி எண் இல்லை. நாளைக்கே ஒரு தொகுதியைத் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவித்தால், உங்கள் வீட்டு டப்பாவில் இருப்பது அதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பிரித்துத்தான் வாங்குவேன் என்றால், கடையிலிருக்கும் தாய் மூட்டையின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதையும் எடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள் சில மாதங்களில் வெளுத்துவிடும். நாய் உணவைத் தொடாமல் போவதை இரண்டு மூன்று நாள் காணொளியாகப் பிடித்து வையுங்கள். அந்த அம்மா கேட்ட சாட்சி அதுதான்.

நடுவர் மன்றத்தில் முதலாம் பாரத்தைப் பூர்த்தி செய்து தர 5 ரிங்கிட் கட்டணம். பொதுவாக அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை. தொடக்கத்தில் 10,000 ரிங்கிட்டாக இருந்த கோரிக்கை வரம்பு 2003இல் 25,000 ஆகி, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 50,000 ஆனது. தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாத வியாபாரி அபராதமோ சிறையோ எதிர்நோக்க வேண்டியிருக்கும்.