நிழல் விழாத கோபுரமும் ஒளி ஏறும் கருவறையும்

புனேயின் ஔந்த் பகுதி ஏறக்குறைய 18.5 பாகை வட அட்சரேகையில், கடக ரேகைக்குத் தெற்கே அமைந்திருக்கிறது. அதனால் ஆண்டில் இரண்டு நாள்கள் அங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மே 14ஐ ஒட்டி ஒரு முறை. ஜூலை இறுதியில் மறுமுறை. மே மாத நாளில், பகல் 12.30 மணியைச் சற்றே கடந்த வேளையில், நிமிர நட்ட ஒரு கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஜூலை நாளும் அதே அளவு துல்லியமானதுதான். ஆனால் அது பெரும்பாலும் மழைமேகத்துக்குள் மறைந்துபோகிறது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட எல்லா ஊர்களுக்கும் இது பொது. தஞ்சாவூருக்கு அந்த நாள்கள் ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும் வருகின்றன.

தஞ்சையைக் குறிப்பிட்டதும் அனைவருக்கும் நினைவு வருவது, 'பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது' என்னும் கூற்று. பள்ளிச் சுற்றுலாக்களிலும் பயண நூல்களிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் இக்கூற்று உண்மையன்று. 1010இல் குடமுழுக்குக் கண்ட அந்த விமானத்தின் நிழல் காலையிலும் மாலையிலும் திருச்சுற்றில் நீண்டு படிவதை எவரும் கண்ணால் காணலாம். ஆயினும் ஒரு பொய் ஆயிரம் வாய்களில் நிலைபெற்றிருக்குமானால், அதன் அடியில் ஏதேனும் ஓர் உண்மைத்துளி கிடக்கிறதா என்று பார்ப்பது ஆய்வாளரின் கடமை. இங்கே அப்படி ஒன்று கிடக்கிறது.

விமானத்தின் உயரம் ஏறக்குறைய 60 மீட்டர். அடிப்பகுதி சுமார் 30 மீட்டர் சதுரம். உச்சியிலிருந்து நேர்கீழே வரும் மைய அச்சிலிருந்து அடிப்பகுதியின் விளிம்பு 15 மீட்டர் தொலைவில் உள்ளது. 60க்கு 15 என்பது நான்கில் ஒரு பங்கு. கோணமாகச் சொன்னால் சுமார் 14 பாகை. ஆக, நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 14 பாகைக்குள் நிற்கும் நாள்களில் விமானத்தின் நிழல் அதன் அடித்தளத்துக்குள்ளேயே ஏறக்குறைய அடங்கிவிடும். தஞ்சையின் அட்சரேகை 10.8 பாகை. ஜூன் 21 அன்று சூரியன் உச்சிக்கு வடக்கே 12.6 பாகைதான் விலகுகிறது. தெற்குப் பக்கம் 14 பாகை விலகுவது மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் முடிவிலும். எனவே ஆண்டின் பாதிக்கும் மேலான நாள்களில், நண்பகலில், தரையில் நிழலைத் தேடுபவர் ஏமாந்துபோவார். கோடை விடுமுறையில் உச்சிவெயிலில் கோயிலுக்கு வந்த ஒருவர் கண்டதைக் கண்டபடியே சொல்லியிருக்கலாம். கேட்டவர்கள் 'நண்பகலில்' என்ற சொல்லைத் தவறவிட்டிருக்கலாம். டிசம்பர் 21 அன்று அதே நண்பகலில் அங்கே நின்றால், அடித்தளத்தைத் தாண்டி வடக்கே ஏறக்குறைய 25 மீட்டர் தொலைவுக்கு நிழல் நீண்டிருக்கும்.

நிழலை விழாமல் செய்வதைவிட, விழும் நிழலை அளந்து பயன்கொள்வதே பழங்காலத்தார் உண்மையில் செய்த அறிவியல். சமதளத்தில் ஒரு கோலை நட்டு, அதனைச் சுற்றி ஒரு வட்டம் வரைவர். முற்பகலில் கோலின் நிழல்நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழையும் புள்ளியையும், பிற்பகலில் தொட்டு வெளியேறும் புள்ளியையும் குறிப்பர். இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும். காத்யாயன சுல்ப சூத்திரத்தில் உள்ள இம்முறையை அரபு வானியலார் 'இந்திய வட்டம்' என்றே அழைத்தனர். இதில் நுண்ணிய பிழை ஒன்று உண்டு. முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் இடையில் சூரியனே வடக்கிலோ தெற்கிலோ சற்று நகர்ந்துவிடுகிறது. சிற்ப நூலான மயமதம் இதனை அறிந்து, அந்தந்த மாதத்துக்கு நிழலில் எத்தனை அங்குலம் திருத்தம் செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. காந்த ஊசி இல்லாத காலத்தில் கட்டடத்தைத் திசைப்படுத்தியவர்களின் கைக்கருவி இதுவே. சங்க இலக்கியத்தில் நெடுநல்வாடை, அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சியில், இரு கோல்களின் நிழல் பார்த்து நண்பகலைத் துணிந்து நூலோர் கயிறிடுவதை விவரிக்கிறது. உரைகாரர் நச்சினார்க்கினியர் அதனைச் சித்திரை மாதத்தோடு பொருத்துகிறார். மதுரையில் நிழல் மறையும் முதல் நாள் இன்றைய கணக்கில் ஏப்ரல் நடுப்பகுதி, அதாவது சித்திரையின் தொடக்கம்.

இதே திசையறிவின் விளைவை மகாராஷ்டிரத்தில் மிகத் தெளிவாகக் காட்டும் இடம் கோலாப்பூர் மகாலட்சுமி கோயில். அம்பாபாய் என மக்கள் அழைக்கும் அன்னையின் திருமுகம் அங்கே மேற்கு நோக்கியது. ஜனவரி 31, பிப்ரவரி 1, 2 ஆகிய நாள்களிலும், நவம்பர் 9, 10, 11 ஆகிய நாள்களிலும் மறையும் சூரியனின் கதிர் மகாத்வாரத்தின் வழியே நுழைந்து, மண்டபங்களைக் கடந்து கருவறைக்குள் புகுகிறது. முதல் நாள் திருவடி, இரண்டாம் நாள் மார்பு, மூன்றாம் நாள் முழுத் திருமேனி என்பது மரபு. இதற்குக் கிரணோத்ஸவம் என்று பெயர்.

இங்கே கவனிக்க வேண்டியது தேதிகளின் அமைப்பு. டிசம்பர் 21ஐ நடுவில் வைத்தால், நவம்பர் 10 அதற்கு 41 நாள் முன்னால். ஜனவரி 31 அதற்கு 41 நாள் பின்னால். தெற்கே போகும் சூரியன் ஒரு புள்ளியைக் கடந்து, திரும்பி வரும்போது அதே புள்ளியை மீண்டும் கடக்கிறது. இரண்டு பருவங்களிலும் அது நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 18 பாகை தெற்கே தள்ளி மறைகிறது. மூன்று நாள் கணக்குக்கும் காரணம் உண்டு. அந்தப் பருவங்களில் சூரியன் நாளொன்றுக்குக் கால் பாகைக்குச் சற்றே மேலாக நகர்கிறது. சூரிய வட்டின் அகலமோ அரைப் பாகை. குறுகிய பாதை வழியே வட்டு முழுமையாக உள்ளே தெரியும் நிலை வந்து சேர்வதற்கு ஓரிரு நாள்கள் எடுக்கத்தானே செய்யும்! ஒவ்வொரு மாலையும் சூரியன் தாழத் தாழ, கதிர் கிடையாகிக் கருவறையில் ஒளி கீழிருந்து மேலேறுகிறது. அடியிலிருந்து முடி நோக்கிய வழிபாட்டு முறைக்கு வானமே இசைந்து வருவது போன்ற தோற்றம் இதனால் அமைகிறது.

கோலாப்பூரில் இன்று சிக்கல் வானத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது. தொடுவானுக்கு வெகு அருகில் வரும் கதிர் என்பதால், மேற்கே எழும் எந்தக் கட்டடமும், எந்த விளம்பரப் பலகையும் அதனை மறித்துவிடும். தூசியும் ஈரப்பதமும் மேகமும் சேர்ந்துகொள்ள, சில ஆண்டுகளில் ஒளி முழங்காலோடும் இடையோடும் நின்றுவிடுவதாகச் செய்திகள் வந்துள்ளன. கோயிலின் மதிலுக்குள் இருக்கும் கல்லைக் காப்பதற்குச் சட்டம் இருக்கிறது. மதிலுக்கு வெளியே பல நூறு மீட்டர் நீளும் ஒளிப்பாதையும் அக்கட்டடத்தின் உறுப்புத்தான் என்பதை நகரத் திட்டமிடுவோர் இன்னும் உள்வாங்கவில்லை.

தமிழகத்திலும் கருவறைக்குக் கதிர் வரும் கோயில்கள் பல. கும்பகோணம் நாகேசுவரர் கோயிலில் சித்திரை 11, 12, 13 நாள்களில் காலைக்கதிர் இலிங்கத்தின்மேல் படிகிறது. அது ஏப்ரல் 25ஐ ஒட்டிய காலம். கோலாப்பூர்க் கணக்கை இங்கும் போட்டுப் பார்த்தால், ஜூன் 21க்கு இப்புறம் எத்தனை நாளோ அப்புறமும் அத்தனை நாள்; ஆகவே ஆகஸ்ட் 17ஐ ஒட்டி, ஆவணி பிறக்கும் வேளையில், அதே கோணம் மீள வேண்டும். கோலாப்பூர் இரண்டு பருவங்களையும் விழாவாக்கிக்கொண்டது. கும்பகோணத்து மரபு சித்திரையை மட்டுமே போற்றுகிறது. வடிவியல் இரண்டு வாய்ப்புகளைத் தருகிறது, விழாவைத் தேர்ந்தெடுப்பது மனிதர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழ் வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிடச் சற்றே நீண்டது. அந்த வேறுபாடு ஏறக்குறைய 60 ஆண்டுகளுக்கு ஒரு நாளாகத் திரள்கிறது. நாகேசுவரர் கோயிலின் கட்டடக்கலை முற்காலச் சோழருடையது. அதாவது சுமார் 1,100 ஆண்டுப் பழமை. அக்காலத்தில் இதே கோணத்தில் சூரியன் நின்ற நாள் சித்திரை 11 அன்று. சித்திரையின் கடைசி நாள்களாக இருந்திருக்கும். ஆகவே 'சித்திரை 11இல் ஒளி விழும்படி சோழச் சிற்பி கணக்கிட்டான்' என்ற வாக்கியம் கணக்குக்கு நிற்காது. ஒளி விழும் நாளை ஊரார் தலைமுறைதோறும் கண்ணால் கண்டு, விழாவின் தேதியை நகர்த்தி வந்திருக்க வேண்டும். அல்லது விழாவே பிற்காலத்தது. முதலாவது உண்மையானால், அது ஒரு சிற்பியின் திறமையைவிட வியப்பானது: ஒரு சமூகம் ஆயிரம் ஆண்டு இடைவிடாமல் வானத்தை நோக்கியிருக்கிறது என்று பொருள். கோலாப்பூர் விழா ஆங்கிலத் தேதியில் சொல்லப்படுவதும் இதனால் விளங்கும். சாந்திரமானத் திதி ஆண்டுக்கு ஆண்டு அலையும். கதிரோ பருவத்தை விட்டு அசையாது.

பெங்களூரின் கவி கங்காதரேசுவரர் குகைக்கோயில் மேலும் ஒரு பாடம் தருகிறது. மகர சங்கராந்தி மாலையில் நந்தியின் கொம்புகளுக்கிடையே புகுந்த கதிர் இலிங்கத்தைத் தொடுவதைக் காண ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர். 2008இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு, ஓவியர்களான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792இல் வரைந்த படங்களை இன்றைய கட்டடத்தோடு ஒப்பிட்டது. அன்று சுவர்களும் மண்டபங்களும் குறைவு. பின்னர் எழுந்த கட்டுமானங்கள் ஒளியின் வழியை மாற்றியுள்ளன. இன்றும் கதிர் ஆண்டில் இரு பருவங்களில் உள்ளே வருகிறது: ஜனவரி 13 முதல் 16 வரை, நவம்பர் 26 முதல் டிசம்பர் 2 வரை. கூட்டம் சேர்வது முதலாவதற்கு மட்டும். ஒரு கோயிலின் ஒளியமைப்பை ஒரே நாளில், ஒரே மூளையில் பிறந்ததாகக் கருதுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு, அந்த ஆங்கிலேய ஓவியர்களே தம்மையறியாமல் சான்று வைத்துச் சென்றனர்.

ஹம்பி விரூபாட்சர் கோயிலில் நிகழ்வது வேறு வகை. ஏறக்குறைய 50 மீட்டர் உயரமுள்ள கிழக்குக் கோபுரத்தின் உருவம், கருவறைக்குப் பின்புறமுள்ள ஓர் இருட்டறையின் சுவரில் தலைகீழாகத் தெரிகிறது. இதனை நிழல் என்று வழிகாட்டிகள் சொன்னாலும் அது நிழலன்று, பிம்பம். வெயிலில் ஒளிரும் கோபுரத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி, சிறு துளை வழியே நேர்கோட்டில் செல்கிறது; மேலிருந்து வருவது கீழே விழுகிறது, கீழிருந்து வருவது மேலே ஏறுகிறது. சீனத்து மோ-சி மரபு நூலும், 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதமும் ஆராய்ந்த நிகழ்வு இது. ஹம்பியில் இத்துளை திட்டமிட்டு வைக்கப்பட்டதா, காற்றுக்கு விட்ட இடைவெளியில் தற்செயலாக நேர்ந்ததா என்பதைத் தீர்க்கும் கல்வெட்டு எதுவும் சான்றாகக் காட்டப்படுவதில்லை. திட்டம் என்று அடித்துச் சொல்பவர்கள், ஓலைக்கூரையின் துளை வழியே தரையில் விழும் வட்ட ஒளிப்பொட்டு ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பமே என்பதையும் நினைவில் கொள்வது நல்லது. அவற்றை எவரும் திட்டமிடுவதில்லை.

தெலங்கானாவின் நல்கொண்டா அருகே, பானகல் சாயா சோமேசுவரர் கோயிலில் நிலைமை நேர்மாறு. அங்கே மூன்று கருவறைகளில் ஒன்றின் பின்சுவரில், பகல் முழுதும் அசையாத ஒரு தூண் நிழல் தெரிகிறது. சூரியன் நகர்ந்தும் நிழல் நகராதிருப்பது அதிசயமாகப் படலாம். உள்ளே வருவது நேர்வெயிலாக இருந்தால் நிழல் நகர்ந்தே தீரும். அங்கு வருவதோ திறப்புகளின் வழியே வானிலிருந்து சிதறி வரும் ஒளி. அதன் திசையைத் தீர்மானிப்பவை திறப்புகள், அவை இடம்பெயர்வதில்லை. வெவ்வேறு திறப்புகளின் ஒளியில் தூண்கள் தரும் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே பட்டையாகின்றன.

இத்தகைய விந்தைகளின் ஆரவாரத்தில், எல்லாக் கோயில்களிலும் நாள்தோறும் நிகழும் ஒளிக்கலை பேசப்படாமல் போகிறது. திறந்த முற்றம், தூண் மண்டபம், இடைநாழி, கருவறை என ஒவ்வொரு படியாக வெளிச்சம் குறைகிறது. வெயிலிலிருந்து வந்த கண் இருளுக்குப் பழகச் சில நிமிடங்கள் தேவை. முழுமையாகப் பழக அரைமணி வரை ஆகும். மண்டபங்கள் அந்த நேரத்தைத் தருகின்றன. கருவறை வாயிலை அடையும்போது ஒரே ஒரு நெய்விளக்கின் சுடரில் கரிய கல்திருமேனியின் விளிம்புகள் தெரியும் அளவுக்குக் கண் திறந்திருக்கும். கருவறைக்குள் மின்குழல் விளக்கைப் பொருத்தும் இன்றைய வழக்கம், இந்த ஏற்பாட்டை ஒரே சொடுக்கில் அழித்துவிடுகிறது.

புனேயில் இதனைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஔந்திலிருந்து சில கிலோமீட்டரில், சிவாஜிநகர் ஜங்கிலி மகராஜ் சாலையில், ராஷ்டிரகூடர் காலத்தில் 8ஆம் நூற்றாண்டில் கரும்பாறையைக் குடைந்து அமைத்த பாதாளேசுவரர் குகைக்கோயில் இருக்கிறது. முற்றத்தில் வட்ட வடிவான நந்தி மண்டபம் முழு வெயிலில் நிற்கிறது. அதனைக் கடந்து உள்ளே செல்லச் செல்ல, கனத்த சதுரத் தூண்களின் வரிசைகள் ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கடைசி வரிசைக்கு அப்பால் முதலில் இருள் மட்டுமே தெரியும். சற்று நின்றால் வாயில்நிலை தெரியும். இன்னும் சற்று நின்றால் இலிங்கம் தெரியும்.