கல்லாப் பெட்டியும் ஒலிபெருக்கியும்

இலக்கிய நிகழ்ச்சியொன்றில் படமாளிகைக் கல்லாப் பெட்டிக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் கதை, வசனம், பாட்டு என்று நாம் பேசிப் பேசி மகிழ்ந்தவற்றுள் பெரும் பகுதி ஒரு துண்டுப் பிரசுரத்தின் வழியாகவும் ஓர் ஒலிபெருக்கியின் வழியாகவுமே நம்மை வந்தடைந்தது. அந்த வழியின் வரலாற்றை நாம் எழுதி வைக்கவில்லை. அதனால் நட்டம் யாருக்கு என்பதைத்தான் இன்று சொல்ல விழைகிறேன்.

அண்மையில் வீட்டுப் பெட்டகத்தைத் துப்புரவு செய்தபோது, எனது பழைய பாடப் புத்தகமொன்றின் அட்டைக்குள்ளிருந்து இளஞ்சிவப்பு நிற நோட்டீஸ் ஒன்று வெளிப்பட்டது. படத்தின் பெயர் இருந்த மேற்பகுதியைக் கறையான் தின்றுவிட்டது. "தினசரி 3 காட்சிகள்", "பெருந்திரளான ரசிகர்களின் வேண்டுகோளுக்கிணங்க மேலும் ஒரு வாரம்" என்ற வரிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. கிழமை இருந்தது, வருஷம் இல்லை.

அந்தக் காகிதம் என்னை எனது சிறு பிராயத்துக்குக் கொண்டு போயிற்று. கல்முனையில் படம் மாறினால் கூரையில் ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று பிரதான வீதியால் ஊர்ந்து வரும். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என்று தெற்கே போய்த் திரும்பும். பிறகு பாண்டிருப்பு, மருதமுனை என்று வடக்கே போகும். உள்ளேயிருப்பவர் அள்ளி வீசும் நோட்டீஸ்களுக்காக நாங்கள் புழுதியில் விழுந்து புரள்வோம். வாப்பா கண்டால் காதைத் திருகுவார். படம் பார்ப்பது கூடாது என்பது அவர் கொள்கை. உம்மாவோ நோட்டீஸை வாங்கிப் புத்தகத்துக்கு உறை போட்டுத் தருவார். அவர் தம் வாழ்நாளில் ஒரு படமாளிகைக்குள்ளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியாத படக் கதை இல்லை. வானொலிப் பெட்டி அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்தது.

இந்த விளம்பரக் கலையின் தமிழ் மூலவர் யார் என்று கேட்டால் நான் எஸ். எஸ். வாசனைத்தான் சொல்வேன். அவர் விளம்பரம் சேகரிக்கும் தொழிலிலிருந்து வந்தவர். 1928இல் ஆனந்த விகடனை வாங்கினார்; 1940களின் தொடக்கத்தில் ஜெமினி ஸ்டூடியோவுக்கு அதிபரானார். "சந்திரலேகா" படத்தை அவர் அறிவித்தபோது கையில் கதையே இருக்கவில்லை. கதாநாயகியின் பெயர் ஒன்றுதான் இருந்தது. விளம்பரம் முந்திக்கொண்டது, கதை இலாகாவினர் பின்னால் ஓடிக் கதை தேடினார்கள்.

அப்படம் 1948 ஏப்ரலில் தமிழில் வெளிவந்தது. செலவு சுமார் 30 இலட்சம் ரூபாய். அன்றைய இந்தியாவில் அதுவரை எந்தப் படத்துக்கும் அவ்வளவு செலவானதில்லை என்பார்கள். தமிழில் நன்றாக ஓடியும் போட்ட பணம் மீளவில்லை. வாசன் சோர்ந்துவிடவில்லை. அதே படத்தை இந்தியில் ஆக்கி, தென்னிந்தியப் படமொன்றுக்கு வடக்கே அதுவரை கண்டிராத அளவில் விளம்பரம் செய்து, 1948 டிசம்பரில் வெளியிட்டார். பணம் அங்கேதான் கொட்டியது. தமிழ்ச் சந்தை தாங்காத செலவை விளம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வேறொரு சந்தையில் மீட்டெடுத்த கதை இது.

இதே கணக்கை ஹொலிவூட் இன்னும் பெரிய அளவில் போட்டது. அங்கே ஒப்பந்தங்களின்படி முதல் வாரங்களின் வசூலில் தயாரிப்பு நிறுவனத்துக்குப் பெரும் பங்கு போகும்; நாட்கள் செல்லச் செல்லப் படமாளிகையின் பங்கு கூடும். ஆகவே படம் நல்லதா கெட்டதா என்ற பேச்சு ஊரைச் சுற்றி வருவதற்கு முன்னரே சனத்தை உள்ளே இழுத்துவிட வேண்டும். 1975 ஜூனில் "ஜாஸ்" வெளியானபோது, தொலைக்காட்சி விளம்பரத்துக்கு மட்டும் சுமார் 7 இலட்சம் டொலர் செலவிட்டு, நானூறுக்கும் அதிகமான படமாளிகைகளில் ஒரே நாளில் திரையிட்டார்கள். 1999இல் வந்த "பிளேயர் விச் ப்ரொஜெக்ட்" சில பத்தாயிரம் டொலரில் எடுக்கப்பட்ட படம். அதை விற்கச் செலவான விளம்பரப் பணமோ பல மில்லியன். செய்கூலியை விடச் சொல்கூலி பெருத்துவிட்ட காலம் அது.

ஆனால் விளம்பரமே எல்லாம் என்று முடிவு கட்டிவிடவும் இயலாது. 1973 மே மாதம் "உலகம் சுற்றும் வாலிபன்" வெளிவந்த வேளையில், சென்னையில் சுவரொட்டிகளுக்கான வரி உயர்த்தப்பட்டதால் அப்படத்துக்குச் சுவரொட்டியே ஒட்டப்படவில்லை என்று சொல்வார்கள். வெறுஞ் சுவர்களைக் கடந்துதான் சனம் படமாளிகைக்குப் போனது. படம் பெருவெற்றி பெற்றது. எம்.ஜி.ஆர். என்ற பெயர் அதற்கு முன்பே ஒவ்வொரு மனத்திலும் ஒட்டப்பட்டிருந்தது என்பதே காரணம்.

எங்கள் ஊரிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு யாரும் சுவரொட்டி அச்சடித்துச் சனம் சேர்த்ததாக எனக்கு நினைவில்லை. பிறை கண்டதும் எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து திரள்வார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த சொல்லே அங்கே விளம்பரம்.

சொல் என்றதும் வானொலிக்கு வர வேண்டும். தமிழ்ப் பட விளம்பர வரலாற்றில் தமிழகம் நமக்குக் கடன்பட்ட அத்தியாயம் ஒன்றுண்டு. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கெஸ்கர் திரைப்படப் பாட்டைத் தரங்குறைந்ததாகக் கருதினார். அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. இங்கே இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இலேயே தொடங்கியிருந்தது. அகில இந்திய வானொலியின் விவித பாரதி வர்த்தக விளம்பரத்தை ஏற்கத் தொடங்கியது 1967இல்தான். இடைப்பட்ட காலத்தில் தமிழகத்து இரசிகன் தன் ஊர்ப் பாட்டைக் கொழும்பிலிருந்து கேட்டான். எஸ். பி. மயில்வாகனம் என்ற பெயர் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் வீட்டுப் பெயராயிற்று.

பின்னர் கே. எஸ். ராஜாவின் காலம் வந்தது. "திரை விருந்து" நிகழ்ச்சியில் படத்தின் வசனத் துணுக்கு ஒன்று, பாட்டின் ஓர் அடி, இடையில் அவருடைய பாயும் குரல். கதை உச்சத்துக்கு ஏறும் இடத்தில் நிறுத்திவிடுவார். என் உம்மா அகப்பையோடு நிற்பார். மிச்சக் கதையைப் படமாளிகையில் போய்ப் பார்க்க அவருக்கு வழியில்லை. ஆகவே தாமே இட்டுக் கட்டி எங்களுக்குச் சொல்வார். பிற்காலத்தில் அவற்றுள் சில படங்களை நான் பார்த்தேன். உம்மாவின் முடிவு பல தடவை மேலாக இருந்தது.

கல்லாப் பெட்டியின் கணக்கில் உம்மா இல்லை. அவர் ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஆனால் எங்கள் கரையோர ஊர்களில் அவரைப் போன்ற பெண்கள் எத்தனை ஆயிரம்! விளம்பரத்தையே முழுப் படமாகக் கேட்டு வாழ்ந்த அந்தச் சபையை எந்த வசூல் வரலாறும் எண்ணியதில்லை.

இனி, ஈழத்தில் நாமே எடுத்த படங்களுக்கு வருவோம். 1962இல் வந்த "சமுதாயம்" தொடங்கி நம்மவர் எடுத்த தமிழ்ப் படங்கள், 1990களின் நடுப்பகுதி வரை பார்த்தால், ஏறத்தாழ முப்பதுதான். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, இந்தியப் படங்களின் இறக்குமதி குறைக்கப்பட்டபோது, உள்ளூர்ப் படங்களுக்கு ஒரு சாளரம் திறந்தது. அவ்வாண்டிலேயே கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா "குத்துவிளக்கு" படத்தைத் தந்தார். 1978இல் செங்கை ஆழியானின் நாவல் "வாடைக்காற்று" திரைக்கு வந்தது.

இவற்றுள் இரண்டை ஒப்பிட்டுப் பாருங்கள். 1976இல் வெளியான "கோமாளிகள்" எஸ். ராம்தாஸின் வானொலி நாடகத்திலிருந்து பிறந்தது. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் ஆகிய நால்வரும் படம் வருவதற்கு முன்பே நம் வீடுகளுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தவர்கள். மரிக்காரின் பேச்சைக் கேட்டு எங்கள் ஊர் சிரித்த சிரிப்பே அப்படத்துக்கு இலவச விளம்பரம். படம் ஓடியது.

மறு ஆண்டு "பொன்மணி" வந்தது. நெறியாள்கை தர்மசேன பத்திராஜ. பின்னணியில் எழுத்தாளர் காவலூர் ராஜதுரை. யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதிச் சுவரைத் தொட்ட படம். இன்று விமர்சகர்கள் ஈழத்துத் தமிழ்ச் சினிமாவின் பெருமையாகச் சொல்வது இதைத்தான். வசூலில் அது தோற்றது. ராஜதுரை விளம்பரத் துறையிலும் பணியாற்றியவர். விளம்பரம் தெரியாததால் வந்த தோல்வி என்று சொல்ல முடியாது. தமிழகத்துப் படத்தின் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் நீண்ட காலமாகப் பழக்கப்பட்ட செவியிடம், அமைதியான படமொன்றைப் பற்றி எதைச் சொல்லி அழைப்பது என்பதே அங்கிருந்த சங்கடம். அத்தகைய படத்துக்கு இரசிகரைத் தேடும் அவகாசம் வேண்டும். கல்லாப் பெட்டி அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

அதன் பிறகு வந்தவை நமக்குத் தெரிந்தவைதாம். 1978 நவம்பரில் கிழக்கைச் சூறாவளி அடித்தது. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது பல படங்களின் மூலப் பிரதிகள் சாம்பலாயின. பின்னர் யுத்தம், 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை. வீட்டோடு பெட்டகமும் போன குடும்பங்கள் எங்கள் கரையில் ஏராளம். ஈழத்துத் தமிழ்ப் படங்கள் சிலவற்றுக்கு இன்று ஒரு பிரதிகூடக் கிடையாது. அவை இருந்தன என்பதற்கு நோட்டீஸும் பாட்டுப் புத்தகமும் பத்திரிகை விளம்பரமுமே சாட்சி.

சாட்சிதான், ஆனால் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய சாட்சி. என் கையிலுள்ள நோட்டீஸ் "இரசிகர்களின் வேண்டுகோள்" என்கிறது. உண்மையில் வேண்டினார்களா, அல்லது அடுத்த படத்தின் பெட்டி வந்து சேராமல் பழையதையே நீட்டினார்களா? இன்றைக்குக் கைத்தொலைபேசியில் வரும் "முதல் நாள் வசூல் இத்தனை கோடி" என்ற அறிவித்தலையும் இப்படித்தான் கேட்க வேண்டும். இந்தியாவில் விற்ற டிக்கட்டுகளையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்துச் சரிபார்த்து வெளியிடும் பொது ஏற்பாடு இல்லை. நாம் காண்பவை தயாரிப்பாளர் சொன்னதும் வியாபாரிகள் மதிப்பிட்டதுமே. வசூல் எண்ணே இன்று விளம்பரமாகிவிட்டது.

நான் கண்ட முடிவு இதுதான். விளம்பரம் ஒரு படத்தை முதல் வாரத்துக்குள் கொண்டுபோய் விடும். அதற்கப்பால் படம் தன் காலில்தான் நடக்க வேண்டும். ஆனால் சொல்லப்படாத படம், தோற்றது என்ற பெயரைக்கூடப் பெறாமல் மறைந்துபோகும். ஈழத்துப் படங்களுக்கு நேர்ந்த ஆபத்து அதுவே.

எனவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில், குர்ஆன் ஓதிய பலகைக்கு அடியில், பழைய கொப்பிகளின் உறைக்குள் ஒரு நோட்டீஸோ, பாட்டுப் புத்தகமோ, அரைவாசி கிழித்த டிக்கட்டோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். முடிந்தால் வருஷத்தை மூத்தவர்களிடம் கேட்டுப் பின்புறத்தில் எழுதி வையுங்கள். ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள்; ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் காக்கும் நூலகம் நிறுவனம் போன்றோருக்குக் காட்டுங்கள்.

என் நோட்டீஸின் பின்புறத்தில் உம்மாவின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். படத்தின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை.