மஞ்சள் சாயம் வெடித்த கதை

வீட்டில் ஒருவர் ரொம்பக் கண்டிப்பாக இருந்தால் "அவர் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். இந்தச் சொல்லை நமக்குத் தந்தது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அது சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. 36 நாள் கழித்து, அக்டோபர் 28ஆம் தேதி விடியற்காலையில் நம் பினாங்குக்கே வந்துவிட்டது. போலிப் புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு, ஆங்கிலேயக் கப்பல்போல் வேடமிட்டு நுழைந்தது. நங்கூரமிட்டிருந்த ருஷ்யக் கப்பல் ஜெம்சுக் டார்பிடோ பட்டு வெடித்து மூழ்கியது. 80க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். அவர்களின் நினைவுச் சின்னத்தை ஜார்ஜ் டவுன் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் காணலாம்.

இந்த ஜெம்சுக், 1905ஆம் ஆண்டு சுஷிமா கடற்போரில் ஜப்பானியரிடமிருந்து தப்பி மணிலா போய்ச் சேர்ந்த கப்பல். அந்தப் போரில் ஜப்பானியர் தங்கள் குண்டுகளில் நிரப்பியிருந்தது பிக்ரிக் அமிலம். அந்த அமிலம் பிறந்த கதை வேடிக்கையானது.

1771இல் பீட்டர் உல்ஃப் என்ற வேதியியலார், அவுரியிலிருந்து எடுத்த நீலத்தோடு நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்தார். பளிச்சென்ற மஞ்சள் பொருள் கிடைத்தது. அதைப் பட்டுக்குச் சாயமாக ஏற்றினார்கள். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1885இல், பிரெஞ்சுக்காரர் யூஜின் டர்பின் அதே பொருளைப் பீரங்கிக் குண்டில் அடைத்துக் காட்டினார். டி.என்.டி. கதையும் இதேதான். 1863இல் ஜூலியஸ் வில்பிராண்ட் அதை உருவாக்கியபோது அது வெறும் மஞ்சள் சாயம். 1902இல் ஜெர்மன் ராணுவம் அதைக் குண்டுகளில் நிரப்பத் தொடங்கியது. சேலைக்குப் பிறந்த நிறம் சாவுக்கு வேலை செய்யப் போய்விட்டது.

1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு பொழிந்தன. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தவர்களும் செத்து விழுந்தார்கள். போடப்படும் எல்லாக் குண்டும் வெடிப்பதில்லை. மண்ணுக்குள் புதைந்து கிடப்பவையும் உண்டு. பழைய குண்டுதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. பிக்ரிக் அமிலம் உலோகத்தோடு சேர்ந்தால், தொட்டாலே வெடிக்கக்கூடிய உப்பாக மாறும். அது நீரில் கரையும் நஞ்சும்கூட. நிலத்தடி நீரையும் கெடுத்துவிடும்.

சரி, மண்ணுக்குள் மறைந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இலங்கையில் போர் 2009இல் முடிந்தது. ஆனால் முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை அதன்பிறகும் ஒன்றரைப் பத்தாண்டுக்கு மேல் நீண்டது. நம் தமிழ்ப் பெண்கள் பலர் மண்டியிட்டு, சாண் சாணாக மண்ணைச் சுரண்டி அதைச் செய்தார்கள். உலோகம் காட்டும் கருவி, பழைய ஆணிக்கும் கத்தும், கண்ணிவெடிக்கும் கத்தும். வெடிமருந்தையே மோப்பம் பிடிக்கும் கருவி ஒன்று இருந்தால்?

இங்கேதான் ஒளி உதவிக்கு வருகிறது. சில பொருள்கள் புறஊதா ஒளி பட்டால் மினுமினுக்கும். அப்படிப்பட்ட பொருளைக் கடற்பஞ்சுபோல் நுண்துளைகளோடு செய்தால், வெடிமருந்தின் மூலக்கூறு அந்தத் துளைக்குள் புகும். டி.என்.டி., பிக்ரிக் அமிலம் இரண்டும் எலக்ட்ரானுக்கு அலையும் பசிக்காரர்கள். மினுக்கும் பொருளின் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும், ஒளி மங்கும். விளக்கு மங்கினால் உள்ளே திருடன் இருக்கிறான் என்று பொருள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் திமோதி ஸ்வேகர் குழுவினர் 1998இல் இத்தகைய துளையுள்ள பாலிமர் படலத்தால் டி.என்.டி. ஆவியைக் கண்டுபிடிக்கும் வழியை வெளியிட்டார்கள். தைப்பூசத்திற்குச் சரவிளக்கு கட்டுகிறோமே, அதில் ஒரு பல்பு போனால் சில வேளை ஒரு வரிசையே அணைந்துவிடும். அதுபோல, ஒரு மூலக்கூறு தொட்ட இடத்தில் சங்கிலியின் பெரும்பகுதி ஒளியிழக்கும். அதனால்தான் மிகக் குறைந்த ஆவியும் அகப்பட்டுவிடுகிறது. இதில் பிறந்த 'ஃபைடோ' என்ற கருவியை அமெரிக்க ராணுவம் ஈராக்கில் பயன்படுத்தியது.

அடுத்து வந்தவை உலோகமும் கரிமப் பொருளும் பின்னிய கூடுகள். இவற்றில் 1 கிராம் எடுத்தால் உள்பரப்பு ஆயிரக்கணக்கான சதுர மீட்டர். சில வகைகளில் ஒரு காற்பந்துத் திடலளவு! 2013இல் பூனாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தில் சுஜித் கோஷ் குழுவினர், மற்ற நைட்ரோ பொருள்களுக்கு நடுவிலும் பிக்ரிக் அமிலத்தைத் தனியே இனங்காணும் மினுக்குக் கூட்டைச் செய்து காட்டினார்கள். இத்தகைய கூடுகளுக்கு வழிவகுத்த கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் 2025இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வுக்கூடத்தில் வென்றது வயல்வெளியில் வெல்ல நாளாகும். ஈரம், வெயில், தூசி எல்லாம் குறுக்கே நிற்கும். அதனால்தான் நாய்களும் மனிதக் கைகளும் இன்னும் வேலை செய்கின்றன. நம் பிள்ளைகளில் ஒருவர் வேதியியல் படிக்க விரும்பினால், "அதில் என்ன சம்பளம்" என்று மட்டும் கேட்காதீர்கள். சாயத்தை வெடியாக்கியதும் வேதியியல்தான். அந்த வெடியைக் காட்டிக்கொடுத்து, ஒரு தாய் தன் வயலில் பயமின்றிக் கால்வைக்கச் செய்யப் போவதும் வேதியியல்தான்.