கோடியும் மஞ்சள் சாக்கெட்டும்

வீட்டு சினிமாக் கணினிக்குப் பலரும் போடும் 'கோடி' மென்பொருள் (விலை கோடி இல்லீங்க, இலவசம்தான்!) கேம் பெட்டியில் பிறந்தது. 2002-ல் சில ஆர்வலர்கள் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் படம் ஓட்ட ஒரு பிளேயர் எழுதினாங்க. 2004-ல் அது எக்ஸ்பிஎம்சி 1.0 ஆச்சு. ஆனா அதை ஓடும் நிரலாக்க மைக்ரோசாஃப்டின் உரிமக் கருவிகள் வேணும்; அதனால மூல நிரலை மட்டுமே வெளியிட முடிஞ்சது. அதுவே நல்லதாப் போச்சு. திறந்து கிடந்த நிரலை 2007-ல் லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கினாங்க. எக்ஸ்பாக்ஸோடு அது சாகலை. 2014-ல் பேர் கோடி.

இங்கே ஆவுடையார்கோவிலில் எங்க வீட்டில் இருப்பதோ, 2006-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் 14 இன்ச் கலர் டிவி. எச்டிஎம்ஐ கிடையாது. பழைய இரும்புக்குப் போயிருக்கும். காப்பாற்றியது 2012-ல் வந்த ராஸ்பெரி பை; முதல் மாடலில் மஞ்சள் வீடியோ சாக்கெட் உண்டு.

இணைத்ததும் படம் உருளும். பை இயல்பாக அனுப்புவது அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறை. நம்மூர் டிவி பிஏஎல். கான்ஃபிக் கோப்பில் 'எஸ்டிடிவி மோட்' மதிப்பை 2 ஆக்கினால் நிக்கும். மஞ்சள் வயரில் ஒலி வராது. 3.5 மி.மீ. சாக்கெட்டிலிருந்து தனி வயர் போட்டு, கோடியின் ஆடியோ அமைப்பில் 'அனலாக்' தேர்ந்தெடுக்கணும். 2014-ன் பி பிளஸ் மாடலில் மஞ்சள் சாக்கெட்டை எடுத்துட்டாங்க. படமும் அதே 3.5 மி.மீ. ஓட்டைக்குள் போயிடுச்சு.