சின்னப்பம்பட்டியில் ஒரு மைதானம் பிறந்த கதை

2017 ஐபிஎல் ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம். போன விலை 3 கோடி. மறு வருஷம் அதே ஆள் 40 லட்சத்துக்குப் போனார். 2025 சீசனுக்கான ஏலத்தில் 10 கோடியே 75 லட்சம். வேறு யாராவது கேட்டால் வாய் பிளப்பார்கள். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் பிளக்க மாட்டார். முட்டை அதே முட்டைதான், கோழி தின்ற தீவனமும் அதேதான், ரேட் மட்டும் ஏறும் இறங்கும் என்பது அவருக்குப் பழகிப்போன சங்கதி.

அந்த ஆள் டி. நடராஜன். விலைபோன சரக்கு, யார்க்கர்.

சேலத்திலிருந்து மேற்கே சுமார் 36 கிலோமீட்டரில் சின்னப்பம்பட்டி. தாரமங்கலம், ஜலகண்டாபுரம், எடப்பாடி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தறிச்சத்தம் கேட்கிற சீமை. அப்பா தறிக்கூலி, அம்மாவுக்கு ரோட்டோரத்தில் கோழிக்கறிக் கடை, வீட்டில் ஐந்து பிள்ளைகள். இருபது வயது வரை நடராஜன் கையில் இருந்தது டென்னிஸ் பந்து.

டென்னிஸ் பந்தின் எடை 58 கிராம் பக்கம். கிரிக்கெட் பந்து 156 கிராமுக்குக் குறையாது. லேசான பந்து என்பதால் கட்டாந்தரையில் குத்தினால் எகிறும். எகிறிய பந்தை மட்டையாளர் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாலும் பக்கத்துக் காட்டில் போய் விழும். பவுண்டரியும் கிட்டத்திலேயே இருக்கும். ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் கிணறு. ஒரு ஆட்டத்துக்கு ஆறு ஓவரோ எட்டு ஓவரோ. முதல் பந்திலிருந்தே எல்லாரும் தூக்கித்தான் அடிப்பார்கள். இந்த ஆட்டத்தில் பந்துவீசுகிறவனுக்கு உள்ள ஒரே புகலிடம் மட்டையாளரின் கால்விரல். அங்கே போய்க் குத்துகிற பந்துதான் யார்க்கர்; எகிற இடமில்லை, அடிக்கவும் இடமில்லை. இரண்டு அங்குலம் முன்னால் விழுந்தால் ஃபுல்டாஸ், ஒரு அடி பின்னால் விழுந்தால் சிக்ஸர். ஞாயிற்றுக்கிழமை தோறும் ரொக்கப் பரிசுக்கும் கோப்பைக்கும் ஆடிய ஆட்டங்களில் இந்தக் கணக்கு இடதுகையில் ஊறியது. யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்த பாடமில்லை.

ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் அதைக் கண்டுபிடித்துச் சென்னைக்கு அனுப்பினார். லீக்கில் நான்காவது டிவிஷனில் ஆரம்பம். 2015 ஜனவரியில் ரஞ்சி ஆட்டம். அதோடு ஒரு இடி: கை வீச்சு சரியில்லை என்று புகார். தையல் உள்ள கிரிக்கெட் பந்தைத் தொட்டு நாலைந்து வருஷம்கூட ஆகாதவர், வீச்சை முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. திரும்பி வந்தது 2016-ல், தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) தொடங்கிய வருஷம். திண்டுக்கல் டிராகன்ஸ் சட்டையில், தூத்துக்குடி பேட்ரியாட்ஸுக்கு எதிரான சூப்பர் ஓவரில் ஆறு பந்து, ஆறும் யார்க்கர். அந்த ஒரு ஓவர்தான் 10 லட்சத்தை 3 கோடியாக்கியது என்று சொல்லலாம்.

அந்த 3 கோடி வந்த கையோடு, 2017-ல், ஜெயப்பிரகாஷும் அவரும் ஊரில் ஒரு பயிற்சி மையம் தொடங்கினார்கள். மைதானம் பிறந்த கதையில் எனக்குப் பிடித்த இடம் இது. இந்தியாவுக்காக ஒரு பந்துகூட வீசியிராத காலம். 3 கோடிக்கு எடுத்த பஞ்சாபுக்காக ஆறு ஆட்டத்தில் இரண்டு விக்கெட்டுதான் கிடைத்தது. அடுத்த ஏலத்தில் விலை 40 லட்சத்துக்கு இறங்கியது. ஹைதராபாத்தில் இரண்டு சீசன் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். பயிற்சி மையம் மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

அங்கிருந்து வந்தவர்தான் ஜி. பெரியசாமி. அதே சின்னப்பம்பட்டி, மலிங்கா மாதிரி கையைப் பக்கவாட்டில் சுழற்றி எறிகிற வீச்சு. 2019 டிஎன்பிஎல் இறுதி ஆட்டத்தில் 15 ரன் கொடுத்து 5 விக்கெட். அந்தத் தொடரிலேயே அதிக விக்கெட் எடுத்தவரும் அவர்தான். விக்கெட் போய்ச் சேர்ந்தது சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸ் கணக்கில். நடராஜனின் ஆறு யார்க்கர் திண்டுக்கல் கணக்கில். நாமக்கல் முட்டை லாரி ஏறிக் கேரளத்துக்குப் போகிற மாதிரிதான் இதுவும்.

அந்த நாளில் சேலத்துக்கென்று அணியே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் டிஎன்பிஎல் கோப்பையை வென்ற தூத்துக்குடி அணிதான் பிறகு ஊர் மாறி 2021-ல் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. காரைக்குடிக் காளையும் அதேபோலத் திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. வாழப்பாடி பக்கம் 2020 பிப்ரவரியில் ராகுல் திராவிட் கலந்துகொண்ட விழாவில் திறக்கப்பட்ட மைதானம் தயாராக இருந்தது; 2022-லிருந்து டிஎன்பிஎல் ஆட்டங்கள் அங்கே நடக்கின்றன. ஆனால் சேலம் என்ற பெயரில் அந்த அணி 2025 வரை ஒரு இறுதி ஆட்டம்கூட ஆடவில்லை. உலகம் முழுக்க அதன் பெயர் அடிபட்டது ஒரே ஒரு தடவை: 2023 ஜூன் 13, சேப்பாக்கத்துக்கு எதிராக, சேலம் வீசிய கடைசி ஓவரின் கடைசிப் பந்து. ஆள் போல்டு, ஆனால் நோ-பால். அடுத்தது நோ-பாலில் சிக்ஸர். அடுத்ததும் நோ-பால், இரண்டு ரன். பிறகு வைட். கடைசியில் முறையாக ஒரு பந்து விழுந்தது, அதுவும் சிக்ஸர். ஒரே பந்துக்கு 18 ரன். எங்கள் பக்கத்து டீக்கடைகளில் ஒரு வாரத்துக்கு இதே பேச்சு.

இறுதி ஆட்டம் பார்க்காத ஒரு அணி, அதுவும் காசில்லாமல், எப்படித் தலை தூக்கும் என்று யாராவது கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் உடனே அமெரிக்க பேஸ்பால் அணியான ஓக்லாண்டைக் காட்டுவார்கள். 2002-ல் நியூயார்க் யாங்கீஸின் சம்பளப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு அளவில் ஆள் பிடித்து, அவர்களைப் போலவே 103 ஆட்டம் வென்றது. நடுவில் தொடர்ந்து 20 வெற்றி. சூத்திரம் எளிது. அடித்து ஓடுகிறவனுக்குச் சந்தையில் நல்ல விலை. பொறுமையாக நின்று, தப்பாக வருகிற பந்துகளை விட்டுவிட்டு, அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகிறவனை யாரும் மதிக்கவில்லை. ஓக்லாண்ட் அவனை மலிவாக வாங்கியது. இந்தக் கணக்கைப் பல வருஷம் முன்பே எழுதி வைத்த பில் ஜேம்ஸ், டப்பா உணவுத் தொழிற்சாலையில் ராத்திரி காவல் பார்த்தவர். ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற நம்ம ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கும்.

கதை அங்கே முடியவில்லை. அந்த வருஷம் ஓக்லாண்ட் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2024 சீசனோடு அணி ஊரையே விட்டுப் போயிற்று. உரிமம் எங்கே போகிறதோ அணியும் அங்கே போகும். தூத்துக்குடிக்காரரிடம் இதை விளக்க வேண்டியதில்லை.

ஏலத்தில் காசு போடுவது வீண் என்று சொல்ல மாட்டேன். சுழற்பந்து வீச்சாளர் சாய் கிஷோரை 2024 டிஎன்பிஎல் ஏலத்தில் 22 லட்சத்துக்கு எடுத்த திருப்பூர், மறு வருஷம் இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல்லை 118 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்து முதல் கோப்பையைத் தூக்கியது. ஆனால் ஏலத்தில் வாங்கியது அடுத்த ஏலம் வரைக்கும்தான். மண்ணைக் கெட்டிப்படுத்தினால் அது ஊரோடு கிடக்கும்.

2020 நவம்பரில் நெட் பவுலராக ஆஸ்திரேலியா போன நடராஜன், ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகித் திரும்பினார். அப்படி அறிமுகமான முதல் இந்தியர். பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். 2021 ஜனவரியில் ஊர் அவரைக் குதிரை பூட்டிய ரதத்தில் அழைத்துப் போனது. அதே வருஷம் டிசம்பரில், ஊரில் மைதானம் கட்டப்போவதாக அறிவித்தார். 2023 ஜூன் 23-ல் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். 18 ரன் பந்து விழுந்து பத்தே நாள்.

நடுவில் நான்கு பிட்ச், பயிற்சிக்கு இரண்டு, உடற்பயிற்சிக் கூடம், கேன்டீன், நூறு பேர் உட்காரும் சின்ன கேலரி. நான்கு பிட்ச் ஆடம்பரமில்லை. தேய்ந்த பிட்ச்சுக்குத் தண்ணீர் விட்டு, காய விட்டு, ரோலர் போட்டு இறுக்க நாளாகும். அதுவரை பக்கத்துப் பிட்ச்சில் ஆட வேண்டும். களிமண் இறுகிய தரையில் தையல் உள்ள பந்து எப்படிக் குத்தும், எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நடராஜன் இருபது வயதில் சென்னைக்குப் போய்த்தான் பார்த்தார். சின்னப்பம்பட்டிப் பையன் இப்போது அதைப் பன்னிரண்டு வயதில், வீட்டிலிருந்து சைக்கிளில் போய்ப் பார்க்கலாம்.

சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆடுகிற மைதானம் டவுனுக்குக் கிழக்கே வாழப்பாடியில். இது மேற்கே. இரண்டுக்கும் நடுவில் சேலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் மாற வேண்டும்.