சவலை: எக்செல் ஏற்காத ஒரு சொல்

போன வருடம் ஒரு நண்பனுக்காக எக்செல் கோப்பு ஒன்றைச் சுத்தம் செய்துகொடுத்தேன். கிராமங்களில் குழந்தைகளின் எடை, உயரம் பார்க்கும் சிறிய அமைப்பு ஒன்றில் அவன் வேலை பார்க்கிறான். சில ஆயிரம் வரிசைகள். வயது மாதக்கணக்கில், எடை, உயரம், மேற்கையின் சுற்றளவு. கடைசிப் பத்தியில் மூன்றே மூன்று மதிப்புகள்தான் வரலாம்: சாம், மாம், நார்மல். முதல் இரண்டும் ஆங்கில முதலெழுத்துச் சுருக்கங்கள். சாம் என்றால் கடுமையான ஊட்டக்குறைவு, மாம் என்றால் மிதமானது. களப்பணியாளர்கள் பேச்சிலும் இப்படித்தான்: "அந்தத் தெருவுல ரெண்டு சாம் குழந்தை இருக்கு சார்."

நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒரு வரிசையில் நின்றுவிட்டது. தெரியாத மதிப்பு என்று பிழை காட்டியது. திறந்து பார்த்தேன். பத்தொன்பது மாதப் பெண் குழந்தை. கடைசிப் பத்தியில் யாரோ தமிழில் தட்டியிருந்தார்கள்: சவலை.

எனக்கு அந்தச் சொல் அரைகுறையாகத்தான் தெரியும். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அத்தையிடம் கேட்டேன். "மூத்தது பால் மறக்குறதுக்குள்ள அடுத்தது வயித்துல வந்துருச்சுன்னா, மூத்தது இளைச்சுப்போயி எதுக்கெடுத்தாலும் சிணுங்கிக்கிட்டுக் கெடக்கும்ல, அதாண்டா சவலை. ஒந்தங்கச்சி பொறந்தப்ப நீயே சவலை பாஞ்சு கெடந்தவந்தான்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த மௌனத்துக்குப் பிறகு வருகிறேன்.

யாப்பிலும் இந்தச் சொல் இருக்கிறது. நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் வரவேண்டிய தனிச்சொல் வராமல் போனால் அது சவலை வெண்பா. கிடைக்கவேண்டியது கிடைக்காமல் மெலிந்த பாட்டு. தாய்ப்பால் கிடைக்காத பிள்ளைக்கும் தனிச்சொல் கிடைக்காத வெண்பாவுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதே பொருளில் ஒரு சொல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி உலக மருத்துவத்துக்குள் போனது. பள்ளி அறிவியல் புத்தகத்தில் மராஸ்மஸோடு சேர்த்து நாம் மனப்பாடம் செய்த குவாஷியோர்கர்தான் அது. ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படித்து, 1929ல் கோல்ட் கோஸ்ட்டுக்கு, இன்றைய கானாவுக்கு, அரசு மருத்துவராகப் போனார். கை கால் வீங்கி, தோல் கறுத்து உரிந்து, முடி நிறம் மாறிய குழந்தைகளைப் பார்த்தார். பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள். பால் நிறுத்தப்பட்டு, சோளக் கஞ்சிக்கு மாற்றப்பட்ட பிள்ளைகள். 1933ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இது பெல்லாக்ராதான், புதிதாக ஒன்றுமில்லை என்று ஹியூ ஸ்டானஸ் போன்ற அனுபவசாலிகள் மறுத்தார்கள். 1935ல் லான்செட் இதழில் மறுபடி எழுதினார். இந்த முறை, அக்ரா பகுதிப் பெண்கள் பேசும் கா மொழியிலிருந்து நோயின் பெயரை எடுத்துத் தலைப்பிலேயே வைத்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள் சொன்னார்.

மருத்துவத்தில் நோய்களுக்குப் பெயர் வைத்தது அநேகமாக லத்தீனும் கிரேக்கமும். மராஸ்மஸ்கூட மெலிந்து வாடுதல் என்ற கிரேக்கச் சொல்தான். அது கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது. கா மொழிச் சொல் அப்படியில்லை. வீட்டுக்குள் என்ன நடந்தது, எந்த மாதத்தில் நடந்தது என்பதைச் சொல்கிறது. சவலையும் அதே வகை. இரண்டு மொழிகளுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. இரண்டிலும் பெண்கள் ஒரே விஷயத்தைக் கவனித்திருக்கிறார்கள்.

சரி, அவர்கள் கவனித்தது முழுக்கச் சரியா? இங்கே நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். சேலத்தில் 1918ல் பிறந்த சி. கோபாலன். குன்னூரில் மெக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1950களின் கடைசியில் அந்தக் கூடம் ஹைதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். அந்தக் காலத்தில் உலகமே குவாஷியோர்கர் என்றால் புரதக் குறைவு என்று நம்பியது. புரதப் பொடி, புரத பிஸ்கட், புரத மாநாடு. கோபாலன் குழு கிராமக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தது. வீங்கிய குழந்தைகள் சாப்பிட்டதற்கும் வற்றிய குழந்தைகள் சாப்பிட்டதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1968ல் சொன்னது. புரதம் மட்டும் தனியாகக் குறையவில்லை. மொத்தச் சாப்பாடே போதவில்லை. அதே பட்டினியை உடல் எப்படிச் சமாளிக்கிறது என்பதில்தான் வேறுபாடு என்றார் கோபாலன். 1974ல் டொனால்ட் மெக்லாரன் அந்தப் புரத மோகத்தை 'மாபெரும் புரதக் கோமாளித்தனம்' என்ற பொருள்படத் தலைப்பிட்டு எழுதினார். வீக்கம் ஏன் சில குழந்தைகளுக்கு மட்டும் வருகிறது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. 2013ல் மலாவி இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று குடல் நுண்ணுயிர்களையும் கணக்கில் சேர்த்தது.

ஆக, பெயரில் இருந்த காரணம் பாதி உண்மைதான். பெயர்களை நம்பி ஒரு நாட்டின் குழந்தைகளை எண்ண முடியாது. எண்ணுவதற்கு எண் வேண்டும். மெக்சிகோவின் ஃபெடரிகோ கோமெஸ் அதைக் கொடுத்தார். வயதுக்கு இருக்கவேண்டிய எடையில் 75 முதல் 90 சதவீதம் வரை முதல் நிலை, 60 முதல் 75 வரை இரண்டாம் நிலை, 60க்குக் கீழே மூன்றாம் நிலை. மருத்துவமனையில் சேர்ந்த பிள்ளைகளில் யார் பிழைப்பார்கள் என்று கணிக்கச் செய்த பிரிப்பு உலகம் முழுக்கப் பரவியது. 1972ல் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் அதை நான்கு படிகளாக மாற்றியது. 1975 அக்டோபர் 2ல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு, அங்கன்வாடிப் பதிவேடுகளுக்குள் இந்தப் படிகள் வந்தன. அத்தை இன்றும் "தேர்டு கிரேடு, ஃபோர்த் கிரேடு" என்றுதான் சொல்வார். உலக சுகாதார நிறுவனம் 2006ல் புது வளர்ச்சி அளவுகோல்களை வெளியிட்ட பிறகு படிகள் போய், சாமும் மாமும் வந்தன. மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சாம். அதற்கு மேல், 12.5க்குக் கீழே என்றால் மாம்.

எண்ணும் காரணமும் ஒரே தாளில் இருந்த காலம் ஒன்று உண்டு. நைஜீரியாவின் இமேசி கிராமத்தில் டேவிட் மோர்லி உருவாக்கிய வளர்ச்சி அட்டை. மாதாமாதம் எடையைப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கவேண்டும். அட்டை தாயிடமே இருக்கும். அதில் ஒரு கட்டம்: இந்தக் குழந்தையைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டிய காரணங்கள். இரட்டைப் பிள்ளையா, முன்பு பிள்ளைகள் இறந்திருக்கிறார்களா, பிறப்பு இடைவெளி குறைவா என்பதெல்லாம் அங்கே எழுதப்படும். கா மொழிப் பெண்களும் என் அத்தையும் சொன்னது அந்தக் கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

தமிழ்நாட்டிலும் அதற்குப் பக்கத்தில் ஒன்று நடந்தது. 1982ல் வந்த சத்துணவு எல்லோருக்கும் தெரியும். அதற்கு இரண்டு வருடம் முன்பு, உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அது ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளைத் தேடிப் போனது. சவலை பாயும் வயது. மாதம் ஒரு முறை எடை. ஏற்கெனவே கடுமையாக மெலிந்தவர்களோடு, எடை ஏறாமல் நின்றுபோன பிள்ளைகளையும் சேர்த்து, குறைந்தது 90 நாள் கூடுதல் உணவு. எடை எவ்வளவு என்பதோடு, எடை எந்தப் பக்கம் போகிறது என்றும் கேட்டார்கள். "சவலை பாய்தல்" என்பதில் இருக்கும் வினைச்சொல்லும் அதைத்தானே கேட்கிறது?

இப்போது அம்மாவின் மௌனம். பழைய சொற்கள் காரணத்தைச் சொல்கின்றன என்று நான் பூரிப்பது சுலபம். அந்தக் காரணம் யார் தலையில் விழுகிறது? பிள்ளை வற்றிப்போனால் "தேரை விழுந்திருச்சு" என்பார்கள். ஆகாதவள் நிழல் பட்டது என்று யாராவது ஒரு பெண்ணைக் கை காட்டுவார்கள். சவலை என்றால் அடுத்ததைச் சீக்கிரம் பெற்றுவிட்ட அம்மாவைக் காட்டும். அப்பாவைக் காட்டும் சொல் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. எண் யாரையும் கை காட்டாது. 11.9 என்றால் 11.9. முப்பது வருடமாக ஒரு சொல்லைச் சுமந்திருக்கும் பெண்ணுக்கு எண்ணின் அந்த அலட்சியம் ஒருவேளை ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

அன்று ராத்திரி அம்மாவே பேச்சை எடுத்தார். "அப்ப எனக்கும்தான் சோறு எறங்கல. என்னைய எவன் எடை பாத்தான்?"

அந்தப் பத்தொன்பது மாதப் பெண்ணின் கைச் சுற்றளவு 11.9. விதிப்படி மாம். நண்பனிடம் 'காரணம்' என்று இன்னொரு பத்தி சேர்க்கலாமா என்று கேட்டேன். "படிவம் மேல இருந்து வருதுடா, நாம தொட முடியாது" என்றான். நியாயம்தான். சவலையை அழித்து மாம் என்று மாற்றினேன். ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் ஓடி முடிந்தது.

கோப்பை அனுப்பும் முன் அவனுக்கு ஒரு செய்தி போட்டேன். அந்த வரிசையின் எண்ணைக் கொடுத்து, "இந்தப் பிள்ளையோட அம்மாவையும் ஒரு தடவை பாத்துட்டு வரச் சொல்லு. மாசமா இருக்கலாம்" என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அஞ்சு மாசமாம். அவருக்கும் எடை குறைவாம்.